செயலாளர் ஆண்டறிக்கை, கொருக்குப்பேட்டை

பெரியோர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சுதந்திர தினக் கொடியேற்றம், பொங்கல் கோலப்போட்டி, கண் பரிசோதனை முகாம் மூன்றும் வழக்கம்போல நடந்தன.

மாடி அறையில் நடக்கும் மாலை வகுப்பைப் பற்றித்தான் கொஞ்சம் விளக்க வேண்டும். “பரீட்சை வைக்கிறார், மார்க் போட மாட்டேன் என்கிறார்” என்று டீக்கடை வரை பேச்சு போயிருக்கிறது. வெள்ளிக்கிழமைச் சோதனையை நிறுத்தவில்லை. மதிப்பெண்ணுக்குப் பதில் குறிப்பு எழுதுகிறோம், அவ்வளவுதான். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி 1/2 + 1/3 = 2/5 என்று போட்டிருந்தாள். முன்பானால் சிவப்பு மையில் சுழி விழும், நோட்டு பைக்குள் போய்விடும். இந்த முறை, “அரை இட்லியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா?” என்று எழுதினேன். முறைத்தாள். அப்புறம் தரையில் உட்கார்ந்து வட்டம் போட்டு, ஆறாக வெட்டி, 5/6 என்று கொண்டுவந்து நீட்டினாள்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988-லேயே இதைச் சோதித்திருக்கிறார். குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் சேர்த்துக் கொடுத்தால் அந்தப் பலன் இல்லை. காரணத்தை நம் மாடியிலேயே பார்க்கலாம்: எண்ணைப் பார்த்ததும் பிள்ளை பக்கத்து நோட்டைத்தான் எட்டிப் பார்க்கிறது. நம் பள்ளிகளிலும் 2012-13-ல், பாடம் நடக்கும்போதே பிள்ளை எப்படிக் கற்கிறது என்று பார்க்க வளரறி மதிப்பீடு வந்தது. ஆனால் நூற்றுக்கு 40 என்று அதுவும் கடைசியில் மதிப்பெண்ணாகத்தான் கூட்டப்பட்டது.

என் தவறும் உண்டு. அலுப்பில் ஒரு வாரம் எல்லா நோட்டிலும் “நன்று, இன்னும் முயற்சி செய்” என்றே எழுதித் தள்ளினேன். ஒரு பயலும் திரும்பிப் பார்க்கவில்லை.

“ரேங்க் எத்தனை?” என்று கேட்டு, பதில் பிடிக்காமல் ஒரு தகப்பனார் மகனை நிறுத்தியே விட்டார். பெயர் சொல்லவில்லை. ஆறு மாதச் சந்தாவும் அவர் தரவில்லை. அவர் மட்டுமா? மாதம் 50 ரூபாய்தான். பாக்கிப் பட்டியலைப் படித்தால் கூட்டமே முடியாது. பட்டியலில் இருப்பவர்கள் இன்று வரவும் இல்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையைக் கடிக்கவில்லை, மிச்சமும் பெரிதாக இல்லை. மாடியைத் தந்த வீட்டுக்காரருக்கும் நாற்காலி தந்த பந்தல்காரருக்கும் நன்றி.

வரும் ஆண்டு நான் ஒருவனே எல்லா நோட்டையும் பார்க்க முடியாது, கண்ணும் ஒத்துழைக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் தரக்கூடிய இரண்டு பேர் கிடைத்தால் வகுப்பு நடக்கும். சந்தா நோட்டு வாசல் மேசையில் இருக்கிறது. பக்கத்திலேயே பேர் எழுதவும் ஒரு தாள் வைத்திருக்கிறேன்.