வண்டி வரட்டும், ஆனால் காலை பத்து மணிக்கா?

கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம். புற்றுநோய்ப் பரிசோதனை வண்டி ஊர் ஊராக வருவதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வரட்டும், இன்னும் நிறைய வரட்டும். ஆனால் எங்கள் பக்கம் வந்த வண்டி வேலைநாளில் காலை பத்து மணிக்குப் பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் நின்றது. 30 வயதுக்கு மேற்பட்ட பெண்கள்தான் வர வேண்டும், சரி, அந்த நேரத்தில் அவர்கள் எங்கே இருப்பார்கள் என்று யாராவது யோசித்தீர்களா?

பக்கத்து வீட்டு மைனி அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை தல்லி உடைக்கிறார். கிலோ கணக்கில்தான் கூலி, எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கருத்துப் போயிருக்கும், அரை நாள் போனால் அரை நாள் கூலி போச்சு. "லீவு போட்டா சம்பளம் நீயா தருவா?" என்று என்னிடம் கேட்டார். பதில் இல்லை. வண்டி ஆலை வாசலுக்கே போய், பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு அந்த நேரக் கூலி பிடிக்காமல் முதலாளியிடம் பேசி வைத்தால் மைனி மட்டுமல்ல, அவரோடு வரிசையாகக் குத்தவைத்திருக்கிற அத்தனை பேரும் வருவார்கள். குளச்சல், முட்டம் பக்கம் மீன் விற்கிறவர்கள் விடியுமுன் கிளம்பிவிடுவார்கள், அங்கே சாயங்காலம்தான் சரிப்படும். கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு முடிந்த பிறகு.

கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை ஒன்றும் பெரிய வேலை இல்லை. கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால் சந்தேகத்துக்குரிய இடம் வெளுத்துக் காட்டும், பயிற்சி பெற்ற நர்ஸே பார்த்துவிடலாம். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000 முதல் 2003 வரை 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு ஒரே ஒரு முறை இப்படிப் பார்த்ததில், கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்ததாக 2007இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஆனால் அங்கே வெறுமனே சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பவில்லை, தேவைப்பட்டவர்களுக்கு அதே வருகையிலேயே நர்ஸ்கள் அந்த இடத்தை உறைய வைத்து அழிக்கும் குளிர் சிகிச்சையும் கொடுத்தார்கள். பேச்சிப்பாறைக்கு மேலே காணிக் குடியிருப்பில் இருக்கிற ஒருவரிடம் "ஆசாரிப்பள்ளம் போய்க் காட்டுங்க" என்று அங்கே இருக்கிற அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குச் சீட்டை நீட்டினால் அவர் எத்தனை பஸ் மாற வேண்டும்? பாதிப் பேர் அந்தச் சீட்டை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

அப்புறம் அந்த மைக் செட். ஆட்டோவில் கட்டிக்கொண்டு தெருத் தெருவாய் "கேன்சர், கேன்சர்" என்று அலறினால், வண்டியில் ஏறுகிறவளுக்கு ஏதோ வந்துவிட்டது என்றுதான் ஊர் பேசும். சுய உதவிக் குழு அக்காமாரிடம் சொன்னால் போதும், வீட்டுக்கு வீடு சேதி போய்விடும். மார்பகப் பரிசோதனையையும் அதே நேரத்தில் பெண் ஊழியரே, நல்ல திரை போட்டுப் பார்த்துவிடட்டும்.

அடுத்த மாத அட்டவணை போடுமுன் ஆலை மேஸ்திரிக்கும் குழுத் தலைவிக்கும் ஒரு போன் போட்டு, "எப்ப வந்தா உங்களுக்குத் தோது?" என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
விளவங்கோடு தாலுகாவிலிருந்து ஒருத்தி