கியூபுக்கு ஒரு கலவை, தளத்துக்கு ஒரு கலவை

அன்புள்ள தம்பிக்கு,

இயேசுவின் நாமத்தில் வாழ்த்துகள். இங்கே நானும் அம்மாவும் கர்த்தருடைய கிருபையால் சுகம்.

நேற்று போனில் நீ பாதியில் நிறுத்தியது ராத்திரி முழுக்க மனசில் கிடந்தது. தளம் போடும்போது லாரிக் கலவையில் தண்ணீர் விடுகிறார்கள், பலம் பார்க்க டெஸ்டுக்குப் போகிற கியூபை, கலவையை அச்சில் வார்க்கிற அந்தச் சதுரக் கட்டியை, மட்டும் அதற்கு முன்னாலேயே எடுத்துவிடுகிறார்கள், ரிஜிஸ்டரில் கையெழுத்து உன்னுடையது. "எல்லா சைட்டிலும் இப்படித்தான்ப்பா" என்றாய். எனக்கு உடனே பேச வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தண்ணீர் கூடினால் கலவை கரண்டிக்குச் சுகமாக ஓடும். ஆனால் சிமெண்ட் எடுத்தது போக மிஞ்சின தண்ணீர் காய்ந்தபின் அது இருந்த இடமெல்லாம் நுண்ணிய ஓட்டையாகும். ஈரம் அந்த வழியாகத்தான் கம்பிக்குப் போகும். இன்ஜினியரான உனக்கு இது தெரியாததல்ல. 28 நாள் கழித்து மெஷினில் உடைக்கிற அந்த 15 சென்டிமீட்டர் கியூப் எந்தத் தளத்துக்குச் சாட்சி சொல்கிறது? குடிவருகிறவர்கள் உன் கையெழுத்தை நம்பித்தானே அந்தக் கூரைக்கடியில் தொட்டில் கட்டுவார்கள்?

உபாகமம் 25-ஐ எடுத்துப் பார். பையில் பெரிதும் சிறிதுமாக நிறைகற்களை வைத்திருக்காதே என்று இருக்கிறது. வாங்க ஒன்று, விற்க ஒன்று. கியூபுக்கு ஒரு கலவை, தளத்துக்கு ஒரு கலவை என்பதும் அந்த இரண்டு கல்தான்.

லேவியராகமம் 19-ஐயும் வாசி. பரிசுத்தராயிருங்கள் என்று ஆரம்பிக்கிற அதிகாரம் கோயிலுக்குள்ளேயே நிற்கவில்லை. வயல் ஓரத்துக் கதிரை ஏழைக்கு விடு, கோள் சொல்லித் திரியாதே, தராசு சரியாக இருக்கட்டும் என்று தெருவுக்கு வந்துவிடுகிறது. அதிலேயே செவிடனை நிந்திக்காதே என்றும் இருக்கிறது. அப்படி யார் செய்வார்கள் என்று முன்பெல்லாம் நினைப்பேன். போன வருஷம் உன் சைட்டுக்கு வந்தபோது ஒடிசாப் பையன்களைத் தமிழில் அசிங்கமாகத் திட்டினார்கள். அவர்கள் புரியாமல் சிரித்தார்கள். நீயும் அன்றைக்கு ஒரு வார்த்தை சொன்னாய், தம்பி. அது இன்னும் என் காதில் இருக்கிறது.

கூலிக்காரன் கூலி உன்னிடத்தில் ராத்தங்கக் கூடாது என்பதும் அங்கேதான். அந்த வசனத்தில் நான் விழுந்திருக்கிறேன். நான் கொத்தனாராக வீடு கட்டிக்கொடுத்த காலம், நீ சின்னப்பிள்ளை. ஒரு சனிக்கிழமை வீட்டுக்காரர் பணம் தரவில்லை, நானும் சித்தாள்களிடம் திங்கட்கிழமை என்று சொல்லிவிட்டேன். ஆனால் என் சட்டைப்பையில் பணம் இருந்தது, கிறிஸ்மஸ் துணிக்கென்று எடுத்து வைத்தது. மறுநாள் ஆராதனைக்குப் போகிற வழியில் அந்தச் சித்தாள்களில் ஒருத்தி பலசரக்குக் கடை வாசலில் வெறும் மஞ்சப்பையோடு நின்றாள். கடைக்காரர் கடன் கொடுக்கவில்லை. அவளுக்கு நான் தரவேண்டியது 480 ரூபாய். அவள் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள், ஏதோ தப்புச் செய்தவள் அவள்தான் என்பதுபோல. நான் சைக்கிளை நிறுத்தவில்லை. திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்து போனபோது என்னால் முழங்கால்படியிட முடியவில்லை. வெளியே வந்து அவள் வீட்டைத் தேடிப் போனேன். பணத்தை வாங்கிக்கொண்டு "நாளைக்கு வேலை உண்டா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டாள். அப்புறம் எந்தச் சனிக்கிழமையும் கூலி கொடுக்காமல் நான் வீட்டுக்கு வந்ததில்லை.

சரி, சைட்டில் சண்டை போடாதே. கலவை இறுகினால் தண்ணீர் வேண்டாம், கலவை அனுப்புகிற பிளான்ட்காரர்களிடம் சொல்லி, தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்குகிற அட்மிக்சர் மருந்து போடச் சொல். தளத்தில் கொட்டுகிற கலவையிலிருந்தே உன் கண்முன் கியூப் எடுக்கட்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் கையெழுத்துப் போடாதே. வீட்டு லோன் இருக்கிறதே என்று யோசிப்பாய். அது சின்ன பாரம் என்று நான் சொல்லமாட்டேன். வேலை போனால் மருமகளையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு இங்கே வா. அரிசிக்குக் குறைவில்லை, என் கரண்டியும் மட்டப்பலகையும் அப்படியே இருக்கின்றன.

அடுத்த தளம் என்றைக்கு என்று போன் பண்ணிச் சொல். கலவை லாரி வருகிற நேரத்தையும் சொல். அந்நேரம் நானும் அம்மாவும் ஜெபத்தில் இருப்போம்.

அன்புடன்,
அப்பா