பொன்னாத்தாளுக்காக ஒரு சண்டை

மதுரை

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் வந்தது. முழங்கால் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, ஊன்றுகோலுடன் கூடம்வரை நடக்கிறாய் என்று படித்த பிறகுதான் மனம் ஆறியது. மருத்துவர் சொன்ன பயிற்சிகளை வலிக்கிறது என்று விட்டுவிடாதே. இங்கே இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சின்னவளுக்கு வரன் பார்க்கிறோம், இன்னும் எதுவும் கூடிவரவில்லை.

இனி சண்டை. படுத்தபடியே பழைய தொடர்களைப் பார்ப்பதாக எழுதிவிட்டு, நடிகை வடிவுக்கரசிக்குக் கத்துவதைத் தவிர ஒன்றும் தெரியாது, அந்த முகத்தைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது என்று எழுதியிருக்கிறாய். உனக்கு எரிச்சல் வந்ததே அவருடைய வேலை பலித்ததற்குச் சாட்சி என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அது மட்டும் போதாது. உன்னை 'முதல் மரியாதை'யை மறுபடியும் பார்க்கவைக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அது 1985இல் வந்த படம். சிவாஜி கணேசன் பிறந்தது 1928இல். அவருக்கு அப்போது ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு வயது. அவருக்கு மனைவியாக, வளர்ந்த மகளைக் கட்டிக்கொடுத்த பொன்னாத்தாளாக நடித்த வடிவுக்கரசிக்கு முப்பதுகூட ஆகியிருக்கவில்லை. நாம் எல்லோரும் சிவாஜி ஐயாவையும் ராதாவையும் இளையராஜாவின் பாட்டையும் பேசினோம். பொன்னாத்தாளைத் திட்டிவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

அவள் ஏன் அப்படி எரிந்து விழுகிறாள் என்று யோசித்திருக்கிறாயா? வேறொருவனால் கருவுற்ற பெண் அவள். அவளுடைய அப்பன் காலில் விழுந்து கெஞ்சியதால், சிவாஜி நடித்த மலைச்சாமி அவளுக்குத் தாலி கட்டி மானத்தைக் காப்பாற்றுகிறார். ஆனால் கடைசிவரை அவளைத் தொடுவதில்லை. ஊர் முழுக்க அவரை மரியாதையோடு பார்க்கிறது. அந்த மரியாதைக்குள் தன்னுடைய அவமானம் ஒளிந்திருப்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். தனக்குப் பெரிய உதவி செய்தவரை மன்னிக்கவே முடியாமல் போகிற மனம் ஒன்று உண்டு, சரோஜா. நம் சொந்தங்களிலேயே பார்த்திருக்கிறோம். வடிவுக்கரசியின் கத்தலில் இருப்பது அதுதான். வெறும் வாயாடியாக அவர் நடித்திருந்தால், பிறகு மலைச்சாமி பொறுமை உடைந்து உண்மையைக் கொட்டும் காட்சி நம்மை உலுக்கியிருக்காது. அந்த இடத்தில் சிவாஜியை மட்டும் பார்க்காதே, எதிரே நிற்பவளையும் பார். ராதா நடித்த குயில்மீது நமக்கு வந்த பிரியத்தில் பாதி பொன்னாத்தாள் சம்பாதித்துக் கொடுத்தது. அதற்காக நம்முடைய வெறுப்பையெல்லாம் அந்த இளம்பெண் தன் தலையில் வாங்கிக்கொண்டார்.

இத்தனைக்கும் அவர் நாயகியாகவே வந்தவர். இயக்குநர் ஏ. பி. நாகராஜனின் உறவுக்காரப் பெண். 1978இல் பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' படத்தில் சிறிய வேடம். அடுத்த ஆண்டே 'கன்னிப் பருவத்திலே' படத்தில் ராஜேஷுக்கு ஜோடி. மாடு முட்டியதால் இல்லற வாழ்வை இழந்த கணவனோடு, பாக்யராஜ் நடித்த கெட்ட நண்பனின் பார்வைக்கு நடுவே வாழும் கண்ணம்மா. அந்த வேடத்துக்குப் பிறகு அவருக்கு நாயகி வாய்ப்புகள் வரிசையாக வந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. வரவில்லை.

அதற்குப் பதில் என்ன வந்தது பார். அதே 1985 தீபாவளிக்கு வந்த 'படிக்காதவன்' படத்திலும் சிவாஜிக்கு மனைவி. அதனால் ரஜினிக்கு அண்ணி. 1997இல் 'அருணாச்சலம்' படத்தில் கூன் விழுந்த பாட்டி. 2007இல் 'சிவாஜி' படத்தில் ரஜினிக்கு அம்மா. இத்தனைக்கும் அவர் ரஜினியைவிட வயதில் இளையவர்! நாயகன் எப்போதும் இளைஞனாகவே நிற்க, அவரைச் சுற்றி உறவுமுறை மட்டும் மாறிக்கொண்டே போயிருக்கிறது. எனக்கு இதில் கோபம்தான் வருகிறது. ஆனால் அந்தக் கூன் விழுந்த பாட்டியைப் பார்க்கும்போது கோபத்தைவிட மதிப்பே கூடுகிறது. நாற்பது வயதை ஒட்டிய ஒரு பெண் முதுகை வளைத்து, கழுத்தை நீட்டி, குரலில் விஷத்தை ஏற்றி, படம் முழுக்க அதைத் தளரவிடாமல் வைத்திருக்கிறார். அழகாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையை முழுவதுமாகக் கைவிட்டவரால்தான் அது முடியும்.

தொலைக்காட்சிக்கு வருகிறேன். நீ பார்ப்பது 'திருமதி செல்வம்' என்று நினைக்கிறேன். 2007 முதல் 2013 வரை சன் தொலைக்காட்சியில் ஓடிய தொடர். தினமும் ஒளிபரப்பாகும் தொடருக்கு ஒரே நாளில் பல காட்சிகளை எடுத்தாக வேண்டும். ஒத்திகைக்கு ஏது நேரம்? பார்க்கிறவர்களில் பாதிப்பேர் அடுப்படியில் தாளித்துக்கொண்டே காதால் பார்க்கிறவர்கள். அவர்களுக்கும் மாமியாரின் மனநிலை எட்ட வேண்டுமென்றால் குரல்தான் ஒரே வழி. அந்தக் கலை அவருக்குக் கைவந்தது. சீரியல்காரர்கள் அவருடைய குரலை மட்டும் எடுத்துக்கொண்டு, மௌனத்தைக் கேட்கவே இல்லை என்பது என் குறை. அவர்மீது அல்ல, எழுதுகிறவர்கள்மீது.

அந்த மௌனம் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமென்றால் 2019இல் வந்த 'கண்ணே கலைமானே' பார். சீனு ராமசாமி இயக்கியது, நம் மதுரைப் பக்கத்துக் கதை. அதில் அப்பத்தாவாக வருகிறார். ஒப்பனையால் வயதைக் கூட்டிக்கொண்டு எத்தனையோ ஆண்டுகள் நடித்தவர், இங்கே தன் வயதோடு இயல்பாக வந்து உட்காருகிறார். இரண்டு வார்த்தை பேசினால் வீடு கேட்டுக்கொள்கிறது. பிடிவாதத்துக்கு அடியில் பாசம் இருப்பதைக் கண்ணாலேயே காட்டிவிடுகிறார். இப்படிப்பட்ட வேடங்கள் இன்னும் பத்தாவது அவருக்குக் கிடைக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

முதலில் பொன்னாத்தாள், பிறகு அப்பத்தா. இந்த வரிசையில் பார்த்துவிட்டுப் பதில் எழுது. அப்போதும் கத்த மட்டும்தான் தெரியும் என்று சொன்னால் மேற்கொண்டு சண்டை போடுவேன்.

உன் மகன் வங்கித் தேர்வு எழுதினானே, முடிவு வந்துவிட்டதா? சித்திரைத் திருவிழாவுக்கு உன்னால் பயணம் செய்ய முடியுமா என்று மருத்துவரிடம் கேட்டுச் சொல். முடியாதென்றால் நானே அங்கு வருகிறேன்.

அன்புடன்,
மீனாட்சி