சூசைக்கு ஒரு பதில்

அன்பு சூசை,

கடிதம் வந்தது. இங்கே எல்லாரும் சுகம். முழங்கால் வலிதான் விடவில்லை. தெப்பக்குளத்தை ஒரு சுற்று வருவதற்குள் உட்கார இடம் தேடுகிறேன்.

உங்கள் தேவாலயப் பங்கில், ஆண்கள்மேல் ஈர்ப்பு உள்ள அந்தப் பையனை 'மாற்றிவிட'த் தியான மையத்துக்கு அனுப்பலாமா என்று பெற்றோர் கேட்கிறார்கள், மறைக்கல்வி சொல்லித்தருகிற வேதியராக என்ன சொல்வது என்கிறாய். நான் ரிட்டயர்டு விலங்கியல் வாத்தியார், அதுவும் திருநீறு பூசுகிற வீட்டுக்காரன். என்னிடம் கேட்கிறாய் பார்! ஆனாலும் உங்கள் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலைப் புரட்டினேன். தன்பாலீர்ப்பு எப்படி உண்டாகிறது என்பது பெரும்பாலும் விளங்கவில்லை என்று 2357ஆம் எண்ணில் அதுவே ஒப்புக்கொள்கிறது. அடுத்த எண்ணில், இவர்களை மதிப்போடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமாக ஒதுக்கக் கூடாது என்கிறது. உடலுறவுச் செயலை அது ஏற்கவில்லை, கற்போடு வாழச் சொல்கிறது. அதை நான் மழுப்பவில்லை. ஆனால் குணமாக்கு என்று எங்கே இருக்கிறது?

இன்னொன்று. 1992 பதிப்பில், இந்த நிலையை அவர்கள் தாங்களாகத் தேர்ந்துகொள்வதில்லை என்று ஒரு வரி இருந்தது. 1997இன் லத்தீன் பதிப்பில் அதை எடுத்துவிட்டு, இந்த நாட்டம் ஒழுங்கு பிறழ்ந்தது என்று போட்டார்கள். எனக்கு அதில்தான் மனத்தாங்கல். ஏனென்றால் எடுத்த வரிதான் ஆய்வுக்கு நெருங்கியது. 2019இல் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரின் மரபணுக்களை அலசியும் இதற்கென்று தனியாக ஒரு மரபணு அகப்படவில்லை. மரபும் சூழலும் பின்னிக் கிடக்கின்றன. அதற்காக, ஆள் விரும்பி எடுத்த முடிவு என்று ஆகிவிடாது. உலக சுகாதார நிறுவனமோ 1990லேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது.

ஒருவரையொருவர் காதலித்து, நம் மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரண்டு பெண்களின் வழக்கு நினைவிருக்கிறதா? சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கே இது முழுதாகப் புரியவில்லை என்று உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டறிந்தார். 2021 ஜூனில், 'மாற்றும்' சிகிச்சை கூடாது என்று உத்தரவிட்டார். பெரிய மனுசத்தனம் அது.

ஆகவே, தியான மையம் வேண்டாம் என்று தைரியமாகச் சொல். பையன் பூசைக்கு வருகிறானா, பாடகர் குழுவில் இருக்கிறானா, அப்படியே இருக்கட்டும். நோயா இல்லையா என்பதில் பங்குச் சாமியாருக்கு வேலை இல்லை. அவருக்குச் சொல்ல வேண்டியது வேறு இருக்கும், அதை அவர் சொல்லிக்கொள்ளட்டும். அப்பாக்காரர் ரொம்பத் தவித்தால் என் நம்பரைக் கொடு, சாயங்காலத்தில் பேசச் சொல்.

உன் பேத்திக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததா? எழுது.

உன்
ராசேந்திரன்