கொண்டல் காற்றையும் கருவேல முள்ளையும் சொல்லித் தந்தவர்களுக்கு நன்றி

வேடந்தாங்கல் ஏரிக்கரை தொடங்கி கோடியக்கரை உப்பளம், கொள்ளுக்குடிப்பட்டி, கூந்தன்குளம் வரை மார்கழி–தை மாதங்களில் பறவைகளைப் படம் எடுக்கக் காரும் கேமராவுமாக வந்த எங்கள் குழுவுக்குக் கைகொடுத்த அனைவருக்கும் வணக்கம். உங்கள் பெயர்களை இங்கே போடவில்லை. யார் எதைச் சொல்லித் தந்தீர்கள் என்பதை எழுதுகிறோம்; அடுத்த குளிர்காலத்தில் இதே சாலையில் வருகிறவர்களுக்கும் அது பயன்படும்.

முதல் நன்றி வேடந்தாங்கல் ஊராருக்கு. பறவைகளைச் சுடக்கூடாது என்று 1798இல் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேசிடம் எழுத்தில் உத்தரவு வாங்கிய ஊர் இது. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்ற கணக்கு அப்போதே உங்களிடம் இருந்தது. கரையில் நடக்கிறவர்களிடம் நீங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: கூட்டுக்கு நேரே கும்பலாக நின்று கை நீட்டிப் பேசாதீர்கள். சங்குவளை நாரை கூட்டைவிட்டு எழுந்தால் காகத்துக்குக் கொண்டாட்டம். உச்சி வெயிலில் எழுந்தாலோ, இறகு முளைக்காத குஞ்சுக்கு இருந்த ஒரே நிழலும் போய்விடும். 500 மி.மீ. லென்ஸ் இருந்தால் கரையில் இருந்தபடியே எடுத்துவிடலாம். நெருங்க வேண்டிய அவசியமே இல்லை.

காற்றைப் பற்றிச் சொன்ன மீனவ அண்ணன்களுக்குத் தனி நன்றி. பறவை எழும்போதும் இறங்கும்போதும் காற்றை எதிர்த்தே பறக்கும். இந்தப் பருவத்தில் கடற்கரையில் வாடையோ (வடக்குக் காற்று) கொண்டலோ (கிழக்குக் காற்று) வீசும். காலை வெயிலும் கிழக்கிலிருந்துதான் வரும். ஆகவே காலையில் நீர்நிலையின் கிழக்கு அல்லது வடகிழக்கு ஓரத்தில், காற்றும் வெயிலும் முதுகில் படும்படி நின்றால் போதும். பறவை உங்களைப் பார்த்தே எழும்பும், முகத்தில் வெளிச்சமும் விழும். மாலையில் இந்தக் கணக்கு உதவாது: வெயில் மேற்கே போய்விடும், காற்று மாறாது, மேற்குக் கரையில் நின்றால் வாலைத்தான் எடுப்பீர்கள். அப்போது தெற்குப் பக்கமாகப் போய்ப் பக்கவாட்டுப் படங்களுக்கு முயலலாம். எந்த கேமராக் கையேட்டிலும் நாங்கள் இதைப் படித்ததில்லை.

பறக்கும் நாரைக்கு ஷட்டர் 1/2000, அப்பர்ச்சர் எஃப் 8 போதுமானது. ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விட்டு, அதன் உச்ச வரம்பை 6400இல் நிறுத்திவிடுங்கள். வெள்ளைப் பறவை கரும்பச்சை மரத்தின் முன்னால் வந்தால் கேமரா ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், இறகின் கோடுகள் அழிந்துபோகும், எக்ஸ்போஷர் அளவை 0.7 குறைக்க வேண்டும். அதே பறவை வானத்துக்கு எதிரே போனால் கருத்துவிடும், 1 கூட்ட வேண்டும். ஒரே பறவை மூன்று நொடியில் இரண்டையும் செய்யும் என்பதால், அப்படிப்பட்ட இடத்தில் ஐஎஸ்ஓவையும் சேர்த்து முழுவதும் மேனுவலில் வைப்பதே நிம்மதி. சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டர் கூட்டருகே நல்லதுதான். ஆனால் பல கேமராக்களில், வேகமாகச் சிறகடிக்கும் சிறு பறவையின் இறக்கை அதில் வளைந்து விழும்.

கோடியக்கரைச் சோதனைச்சாவடி ஊழியர்களுக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கும் நாங்கள் மிகவும் கடன்பட்டிருக்கிறோம். 1967 முதல் சரணாலயமாக இருக்கும் அந்த மண்ணில், வெளிமான் எந்தப் புல்வெளியில் எந்நேரம் மேயும் என்பது உங்களுக்கு மனப்பாடம். காரைவிட்டு இறங்காதீர்கள் என்று நீங்கள் கண்டிப்புக் காட்டியதால்தான் நல்ல படங்கள் கிடைத்தன. மானுக்குக் கார் ஒரு பொருட்டே அல்ல; இரண்டு காலில் நிற்கும் மனித உருவம்தான் அதற்கு ஆபத்து. கண்ணாடியைப் பாதி இறக்கி, அதன்மேல் காய்ந்த பட்டாணி நிரப்பிய இரண்டு கிலோ துணிப்பை, அதன்மேல் லென்ஸ். மணல் நிரப்பினால் கசிந்து லென்ஸ் வளையத்துக்குள் நறநறக்கும். பட்டாணியும் நனைந்தால் ஊறி நாறும் என்பதால் உள்ளே பிளாஸ்டிக் உறை வேண்டும். இன்ஜினை அணைத்துவிட வேண்டும். அதிர்வு ஒரு காரணம். பானெட்டிலிருந்து எழும் சூட்டில் படம் நெளிவது இன்னொரு காரணம்.

கானலைப் பற்றி எச்சரித்தவர்கள் வேதாரண்யம் உப்பளத் தொழிலாளர்கள். ஒன்பது மணிக்கு மேல் தூரத்துப் பூநாரைக் கூட்டம் தண்ணீரில் கரைந்ததுபோல் தெரியும். எத்தனை லட்சம் ரூபாய் லென்ஸானாலும் அதைச் சரிசெய்யாது, கிட்டத்துப் பறவையை எடுக்க வேண்டியதுதான். எந்தப் பாத்தியில் தண்ணீர் கணுக்காலுக்கும் கீழே வற்றியிருக்கிறது, கொசு உள்ளான் என்ற சிறு நீர்ப்பறவை எங்கே இறங்கும் என்று வேலைக்கு நடுவே நின்று சொன்னீர்கள். வரப்பில் ஏறாதீர்கள், உடைந்தால் எங்கள் உழைப்பு போய்விடும் என்றதும் நியாயமே. அந்தச் சிறு உள்ளானின் எடை 30 கிராம்கூடத் தேறாது. வடதுருவப் பக்கம் திரும்பிப் போவதற்கான கொழுப்பை இங்கேதான் சேர்க்கிறது. நல்ல பறக்கும் படத்துக்காக அதைக் கிளப்பிவிடுகிறவர்களை நாங்கள் ஒளிப்படக்காரர்களாகவே எண்ணுவதில்லை.

தங்கும் விடுதிக்காரர் ஒருவர், கேமராப் பையை ஏசி அறைக்குள் கொண்டுபோகாதீர்கள் என்றார். குளிர்ந்த லென்ஸ் கடற்காற்று பட்டதும் ஈரம் பூத்துப்போகும். துடைத்தாலும் மறுபடி பூக்கும், சூடேறும் வரை கால் மணி நேரம் வீண். மூடிய பையில், ஏசி இல்லாத இடத்தில் வைத்தால் தொல்லையில்லை. உப்புத்திவலை பட்ட கேமராவின் உடலை முதலில் ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, பிறகுதான் உலர்துணியால் துடைக்க வேண்டும். நேரே உலர்துணி போட்டால் உப்புக்கல் கீறிவிடும்.

பஞ்சர் கடைக்காரர் சொன்னது: டியூப்லெஸ் டயரில் சீமைக்கருவேல முள் ஏறியிருந்தால் வழியிலேயே பிடுங்காதீர்கள். முள் இருக்கும் வரை காற்று மெல்லத்தான் இறங்கும், பிடுங்கினால் அங்கேயே உட்கார வேண்டியதுதான். காற்றை நிரப்பிக்கொண்டு மெதுவாகக் கடைக்கு வந்து சேருங்கள்.

கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்களுக்கு நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. வேட்டங்குடிக் கண்மாய்ப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊரில், கார் ஹாரனைத் தொடக்கூட எங்களுக்கு மனம் வரவில்லை.

கூந்தன்குளம் அக்காமார்களே, வீட்டு வேம்பில் நாரை கூடு கட்டினால் எச்சமும் மீன் நாற்றமும் உங்கள் முற்றத்தில்தான். அதைப் பொறுத்துக்கொண்டு, நாங்கள் படம் எடுக்க வாசலையும் விட்டுக்கொடுத்து, பனங்கிழங்கும் தந்தீர்கள். பட்டைத்தலை வாத்து விடியுமுன் வயலில் மேய்ந்துவிட்டுக் குளத்துக்குத் திரும்பும், அந்த அரை மணிதான் நேரம் என்ற கணக்கும் உங்களுடையதே. மங்கோலியாவில் ஆய்வாளர்கள் அடையாள எழுத்துள்ள கழுத்துப்பட்டை மாட்டிய வாத்துகளும் இந்தக் குளத்துக்கு வருவதுண்டு. பட்டை கண்ணில் பட்டால் அழகு பார்க்காமல், எழுத்து முழுவதும் தெரியும்படி பல கோணங்களில் எடுத்து வனத்துறையிடம் கொடுத்துவிட வேண்டும்.

எங்களிடம் உள்ள படங்களைச் சோதனைச்சாவடிகளுக்கும், கேட்ட வீடுகளுக்கும் அச்சிட்டு அனுப்புகிறோம். வெளியிடும் படங்களில் கூட்டின் இருப்பிடத் தகவலை நீக்கிவிட்டோம். சாவடிப் பலகைக்குப் பெரிய அளவில் வேண்டுமென்றால் சொல்லுங்கள், 12க்கு 18 அங்குலம் வரை தெளிவாக வரும்.

அன்புடன்,
மார்கழிப் பயண ஒளிப்படக் குழுவினர்