சோழன் வந்தானா, உவந்தானா?

அன்பு மாப்ளே,

நலம். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல். ஊர் வரலாறு என்று நீ அச்சுக்குக் கொடுக்கப்போகிற நோட்டீஸைப் படித்துவிட்டேன். வெற்றிலைக் கொடிக்கால் பகுதி பிரமாதம். 2023-இல் சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை மட்டும் ஒரு வரி சேர்த்துவிடு. முதல் பத்திதான் இடிக்கிறது. பச்சை வயலைப் பார்த்துச் சோழன் உவந்தான், அதனால் சோழவந்தான் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாய்.

கல்வெட்டில் உங்க ஊர்ப்பேர் பாகனூர்க் கூற்றத்துச் சோழாந்தகச் சதுர்வேதிமங்கலம். கூற்றம் என்பது அந்தக்கால நாட்டுப் பிரிவு, சதுர்வேதிமங்கலம் என்பது பிராமணருக்குக் கொடுத்த ஊர். அந்தகன் என்றால் எமன். 10ஆம் நூற்றாண்டில் 'சோழன் தலைகொண்ட' என்று போட்டுக்கொண்ட வீரபாண்டியனுக்குச் சோழாந்தகன் என்று ஒரு பட்டம் உண்டு. அந்தப் பட்டம்தான் ஊருக்குப் பேராகி நின்றது. சோழனுக்கு எமன் என்று வைத்த பேருக்குச் சோழன் மகிழ்ந்தான் என்று நாம் பொருள் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பாண்டியன் கேட்டால் தாங்குவானா?

மாறின விதம் ஒன்றும் மாயமில்லை. சதுர்வேதிமங்கலம் என்ற நீள வால் பேச்சில் முதலில் உதிரும். மிஞ்சுவது சோழாந்தகம். அந்தகன் யாரென்று மறந்தபிறகு காது தெரிந்த சொல்லைத் தேடும். 'ஆந்தக' போய் 'வந்தான்' வந்து உட்காரும். இப்போதும் சோழவந்தான் என்று வேகமாகச் சொல்லிப் பார், அந்த 'வ' பாதி கரைந்துவிடும். பேர் மாறினபிறகு அதற்கு ஒரு கதை வேண்டுமே, உவந்தான் வந்தது அப்படித்தான்.

கதை என்றாலே தள்ளு என்று சொல்லவில்லை. பக்கத்துத் திருவேடகத்தை எடுத்துக்கொள். சம்பந்தர் வைகையில் விட்ட ஓலை ஏடு வெள்ளத்தை எதிர்த்து ஏறிக் கரை ஒதுங்கிய இடம் என்கிறார்கள். சம்பந்தரின் ஏடகப் பதிகத்தில் கடைசிப் பாட்டே வைகை நீரில் ஏடு சென்று சேர்ந்ததைச் சொல்கிறது. அந்தக் கதைக்குப் பதிகத்தளவு வயசு. உவந்தானுக்கு அப்படி ஒரு பிடிமானம் காட்டு, சேர்த்துக்கொள்ளலாம். இன்னொன்று, இன்றைய இருபோகப் பச்சையை அப்படியே சோழன் காலத்துக்குத் தூக்கிக்கொண்டு போகாதே. பெரியாறு தண்ணீர் வந்தது 1895-இல். அதற்கு முன் வைகை கொடுத்ததுதான்.

தென்கரை மூலநாதர் கோயில் சுவரில் மைப்படி, அதாவது கல்வெட்டைத் தாளில் மையால் ஒற்றிய நகல், எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். முதலில் கோயில் நிர்வாகத்திடமும் தொல்லியல் துறையிடமும் எழுத்தில் அனுமதி வாங்கு. சுவரைத் தண்ணீர் விட்டு நார் பிரஷால் தேய்த்தால் போதும். ஆசிட், கம்பி பிரஷ் எதுவும் கல் பக்கம் போகக் கூடாது. மேப்லித்தோ என்ற அச்சுத் தாளை நனைத்து ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றை வெளியேற்றி, கெட்டி முடி பிரஷால் தட்டு. எழுத்துப் பள்ளத்துக்குள் தாள் இறங்கியது கண்ணுக்கே தெரியும். பாதி காய்ந்ததும் துணிப்பந்தில் மையைத் தொட்டு மெல்ல ஒற்று, இழுக்காதே. ஈரம் அதிகமிருந்தால் மை பள்ளத்துக்குள் பரவி எழுத்தை மூழ்கடித்துவிடும். ரொம்பக் காய்ந்துவிட்டால் தாள் கல்லை விட்டுக் கிளம்பி, எழுத்து இரட்டையாக விழும். நிழல் இருக்கும்போது வேலையை முடி. சுண்ணாம்பு அடித்த இடத்தில் பாடுபட்டுப் பலனில்லை. ராத்திரியில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் போட்டோ எடு.

படிக்கும்போது அவசரப்பட்டுத் திருத்தாதே. மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது, ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஒன்றுதான், காலும் 'ர'வும் ஒரே மாதிரி நிற்கும். 'சொழாநதக' என்று தெரிந்தால் அப்படியே எழுதிக்கொள். அரசனின் ஆட்சியாண்டைச் சொல்லும் இடத்தில் 'எதிர்' வந்தால் இரண்டையும் கூட்டு: 2-ஆவதின் எதிர் 13-ஆவது என்றால் 15.

உங்க ஊர் மட்டுமில்லை, மேலூர்ப் பக்கம் வெள்ளரிப்பட்டியைப் பார். வெள்ளரிக்காய் விளைந்த ஊர் என்று தோன்றும். பக்கத்து மாங்குளம் மலையில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் 'வெள்அறை நிகமத்தோர்', அதாவது வெள்ளறை வணிகக் குழுவினர், என்று வெட்டியிருக்கிறது. அந்த வெள்ளறைதான் வெள்ளரியாயிற்று என்கிறார்கள் ஆய்வாளர்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

ஊர் நுழைவு வளைவில் இங்கிலீஷிலும் பேர் போடுவதாக இருந்தால் புதிதாக ஒரு ஸ்பெல்லிங் கண்டுபிடிக்காதே. 2020 ஜூனில் 1,018 ஊர்களுக்கு ஸ்பெல்லிங் மாற்றி வந்த அரசாணையைச் சில நாளிலேயே திரும்பப் பெற்றார்கள், ஞாபகம் இருக்கிறதா? ரயில்வே போர்டில் இருப்பதையே போடு.

முதல் பத்தியில் சோழாந்தகத்தை மேலே போட்டு, உவந்தானை 'ஊரார் சொல்வது' என்று கீழே போட்டுவிடு. புரூப் வந்ததும் ஒரு நகல் அனுப்பு. அச்சகத்துக்காரர் சதுர்வேதிமங்கலத்தில் கட்டாயம் ஒரு எழுத்தை விழுங்கியிருப்பார்.

அன்புடன்,
உன் மதுரை மாப்ள