செங்கோட்டை வீட்டு வேலை: சீசனுக்கு வருகிறவர்கள் கவனத்துக்கு

எல்லோருக்கும் வணக்கம். பின்கட்டு ஓடுகளைப் பிரித்துத் தளம் போட்டு இன்றோடு 4 நாள். தளத்தைத் தாங்கும் முட்டுகளை 14 நாள் தொடக்கூடாது என்று கொத்தனார் சொல்லிவிட்டார். அடுப்பு திண்ணைக்கு வந்துவிட்டது. ஆறு பேரும் முன்னறையில்தான் படுக்கிறோம். சாரல் விழும்போது தளத்துக்குத் தண்ணீர் எதற்கு என்று அத்தை கேட்டார்கள். கான்கிரீட் இறுக ஈரம் விடாமல் இருக்க வேண்டும், சாரல் மேலாக நனைப்பதோடு சரி, அதனால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருக்கிறோம்.

குற்றாலத்துக்கு வருகிறவர்கள் இந்த முறை இங்கே தங்க முடியாது, கோபித்துக்கொள்ளாதீர்கள். பகலில் சாப்பிட வரலாம். சோற்றில் சிமெண்ட் தூசி இருந்தால் சொல்லக்கூடாது!

அப்புறம், தாத்தா போட்ட தேக்கு உத்திரம் நான்கு இருக்கிறது. 1956-க்கு முன், ஊர் திருவிதாங்கூரில் இருந்த காலத்து மரம். வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஆசாரி கதவாக்கிவிடுவார்.